தலையைச் சாய்த்துப் பார்த்தவன்

சண்முகம்,

நேற்றுக் காலை காரைக்குடி ஸ்டேஷனில் உன் ரயில் கிளம்புவதற்கு முன்னால், நீ ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, பிளாட்பாரத்தில் நின்ற அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். என்னைக் கண்டதும் உன் தலை நேராகிவிட்டது. சிரிப்பும் நின்றுவிட்டது. "சரிப்பா, போயிட்டு லெட்டர் போடுறேன்" என்றாய், வகுப்பில் எழுந்து பதில் சொல்லும் பையன் மாதிரி. இருபத்துநான்கு வயதுப் பிள்ளை, கோயம்புத்தூரில் ஒரு வார்ப்பட ஆலையில் வேலைக்குச் சேரப் போகிறவன், அப்பா வந்ததும் தலையை நிமிர்த்துகிறான். வேறு யாராவது பார்த்திருந்தால் என்ன மரியாதை என்று நினைத்திருப்பார்கள். அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கே அது தெரியுமா என்றுதான் தெரியவில்லை. அதனால்தான் இன்று இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் மெட்ராஸிலிருந்து திரும்பும்போது ரயிலில் ஒரு கேள்வி கேட்டாய். "நல்லா இருக்கவனக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில நிறுத்தி, ஒத்தக் கால்ல நிக்க வச்சு, கண்ணுல டார்ச் அடிச்சு... ஏம்பா, ஒங்களுக்கு அப்படி என்ன பயம்?" என்றாய். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.  விழுப்புரத்தில் காப்பி நன்றாக இருக்கும் என்று சொன்னேன். முப்பது வருஷமாகப் பாடம் நடத்தும் ஒரு மனிதன் தன் மகனுக்குச் சொன்ன பதில் அது. உனக்கு இனி நான் சொல்லப்போவதுதான் சரியான பதில். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி.

மெட்ராஸ் பயணத்துக்கு நான்கு நாள் முந்தி, சாக்கோட்டை ரோட்டில் பெரியப்பாவின் பட்டறைக்கு உன்னைத் தேடி வந்தேன். உன் வேலை உத்தரவு தபாலில் வந்திருந்தது. அதை என் கையாலேயே கொடுக்க ஆசை. வாசலில் நிழலில் நின்று பார்க்கிறேன். நீ ஒரு தேக்குப் பலகையைத் தூக்கி, அதன் ஓரத்தைக் கன்னத்துக்கு நேராகப் பிடித்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாய். இழைத்த பலகை நேராக வந்திருக்கிறதா என்று நம் ஆட்கள் பார்க்கும் நோட்டம்தான் அது. உன் தாத்தா அப்படிப் பார்த்தார். பெரியப்பா அப்படித்தான் பார்க்கிறார். பட்டறையில் எந்த ஆள் அப்படி நின்றாலும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எனக்கு மட்டும் அது நோட்டமாகத் தெரியவில்லை. கையில் இருந்த உத்தரவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உன்னைக் கூப்பிடாமலேயே திரும்பி நடந்துவிட்டேன். வீட்டில் உன் அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "சட்டை துணியெல்லாம் எடுத்து வை, இவனை மெட்ராஸ் கூட்டிட்டுப் போகணும்" என்பது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உனக்குப் பதினோரு வயதில் தலையில் ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். பின்னந்தலையில் முடி முளைக்காத அந்தக் கோட்டைச் சலூனில் ஒவ்வொரு தடவையும் தடவிப் பார்த்திருப்பாய். அதற்கு முந்திய ஆறு மாதம் என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் உன்னிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. அம்மா சொல்லாததற்குக் காரணம் பயம். நான் சொல்லாததற்குக் காரணம் வேறு.

ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் தலைவலி என்பாய். பல் விளக்கப் போகும்போது வாந்தி வரும். வாந்தி எடுத்ததும் தெளிந்துவிடுவாய். பத்து மணிக்கு மேல் உனக்கு எந்தக் குறையும் இருக்காது. பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் பிள்ளைகள் செய்கிற வேலை என்று நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வாந்தி எடுத்தாயே, அதை நான் யோசிக்கவில்லை. கணக்கு வாத்தியார் நான், அந்த ஒரு கணக்கைப் போடவில்லை. தெரு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே மருந்து. அந்த மனிதரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவர் எதிரே வந்தால் தெருவை மாற்றிப் போகிறேன்.

பிறகு நீ தலையைச் சாய்க்க ஆரம்பித்தாய். எதைப் பார்த்தாலும் தலை இடப்பக்கம் சாயும், சில சமயம் ஒரு கண்ணும் மூடிக்கொள்ளும். பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் உன்னைக் காட்டி, "பாத்தீகளா? யாரும் சொல்லிக் குடுக்கல. பொறப்புலயே நோட்டம் வந்துருச்சு. எங்கப்பாதேன் திரும்பி வந்துருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீயும் அதற்கேற்ற மாதிரி ஒரு சட்டத்தைத் தூக்கி நோட்டம் பார்ப்பாய். எனக்கு வயிறு எரியும். பட்டறையை விட்டு வெளியேறி, படித்து, பட்டம் வாங்கி, ஒரு உயர்நிலைப் பள்ளியில் நாற்காலி போட்டு உட்கார நான் பட்டபாடு உனக்குத் தெரியாது. அங்கே போன பிறகும் என்னை யாரும் வெறும் வாத்தியாராகப் பார்க்கவில்லை. ஆசாரி வீட்டு வாத்தியார் என்றுதான் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி கால் ஆடினால் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. தலைமை ஆசிரியர் பதவி என்னைத் தாண்டி இரண்டு தடவை போனது. இதையெல்லாம் மறக்கும் சுபாவம் எனக்கு இல்லை.

அந்தப் புரட்டாசியில் ஒரு நாள், ஆசிரியர்கள் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். உன் வகுப்புக்குப் பூகோளம் எடுத்தவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன சார், ஒங்க மகன் கரும்பலகைக்கே நோட்டம் பாக்குறான்? கோணலா இருக்குன்னு இழைச்சு விட்ருவான் போல இருக்கே!" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீ தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. உன்னை எழுப்பி நிறுத்தி, கன்னத்தில் அறைந்தேன். ஒன்றல்ல, மூன்று. "தலைய நேரா வைடா. ரெண்டு கண்ணையும் தொற. இனிமே எம்முன்னாடி இப்படிப் பாத்த, தோல உரிச்சுருவேன்." நீ அழவில்லை. தலையை நேராக வைத்தாய். என்னை அண்ணாந்து பார்த்தாய். உன் கண் என் முகத்தில் நிற்காமல் என் முகத்துக்கும் பக்கத்துத் தூணுக்கும் நடுவில் அலைந்தது. திமிர் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம், நான் இருக்கும் இடத்தில் உன் தலை சாயவே இல்லை. திருத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை. "ஏங்க, புள்ள ஒரு மாதிரி நடக்குறான், பாருங்க" என்று உன் அம்மா சொல்லுவாள். நான் பார்க்கும்போது நீ நடக்கமாட்டாய். உட்கார்ந்திருப்பாய், அல்லது சுவரில் சாய்ந்து நிற்பாய். "உன் கண்ணுதான் கோணல்" என்பேன். பதினோரு வயதுப் பிள்ளை, தன் நோயைத் தன் அப்பாவிடமிருந்து ஒளித்து வைத்திருந்தான்.

தை மாதம் பொங்கல் முடிந்து, உன் தலைவலி தீர வேண்டும் என்று அம்மா பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால், அது விட்ட பிறகு வேறு பஸ்ஸில் வந்தேன். நீங்கள் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். அம்மா முன்னால் போய்விட்டாள். நீ தனியாக, கால் இரண்டையும் அகட்டி வைத்து, ஒரு கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு, தலையைச் சாய்த்தபடி நடந்தாய். நான் பின்னால் வருவது உனக்குத் தெரியாது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக, என்னைப் பார்க்காத உன்னை நான் பார்த்தேன். "சண்முகம்" என்று கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் சுவரிலிருந்து கையை எடுத்தாய். தலையை நேராக்கினாய். நேராக்கியதும் விழுந்தாய்.

மறுநாள் மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவர் உன் முன்னால் ஒரு விரலை நீட்டி, "தம்பி, எத்தனை விரல் தெரியுது?" என்று கேட்டார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு அவரிடம், "ஒரு கண்ண மூடிக்கிட்டா, மூடாமலா சார்?" என்றாய். "மூடாம." "ரெண்டு." அவர் சின்ன விளக்கை வைத்து உன் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணின் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது, மூளையில் அழுத்தம் இருக்கிறது, மெட்ராஸ் போங்கள், யோசிக்காதீர்கள் என்றார். எதைப் பார்த்தாலும் இரண்டாகப் பார்த்துக்கொண்டு நீ மாதக்கணக்கில் வாழ்ந்திருக்கிறாய். தலையைச் சாய்த்தால்தான், ஒரு கண்ணை மூடினால்தான், உனக்கு உலகம் ஒன்றாகத் தெரிந்தது. எங்களில் ஒருவர்கூட உன்னிடம், "ஏண்டா இப்படிப் பாக்குற, என்ன தெரியுது?" என்று கேட்கவில்லை. அண்ணன் பெருமைப்பட்டார், நான் அடித்தேன். கேட்டது முன்பின் தெரியாத ஒரு மனிதர்.

இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பள்ளிகளை மூடிவிட்டார்கள். ரயில் போகுமா போகாதா என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா பட்டறையைப் பூட்டிவிட்டு எங்களோடு கிளம்பினார். மெட்ராஸில் உன் மண்டையில் சிறு துளை போட்டு, உள்ளே நீர் இருக்கும் அறைகளில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம், கீழே, சிறுமூளையில் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றபோது பெரியப்பாவின் ரத்தம்தான் சேர்ந்தது, என்னுடையது சேரவில்லை. கொடுத்துவிட்டு வந்து, காப்பியை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே ஓடுறது பட்டற ரத்தம்டா. நீ எம்புட்டுத்தேன் படிக்க வச்சாலும் பய எழைக்கத்தேன் வருவான்" என்றார். அவ்வளவு பெரிய துக்கத்திலும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்படியும் ஒரு தம்பி.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். டாக்டர் வெளியே வந்து, "ஒரு நீர்ப்பை, அதோட சுவர்ல நெல்லிக்காய் அளவு கட்டி. முழுசா எடுத்தாச்சு. இது பெரும்பாலும் திரும்பி வராத வகை" என்றார். உன் அம்மா அவர் காலில் விழப் போனாள். நான் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பதிமூன்று வருஷமாக அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

நாம் அந்த வார்டில் ஒன்றரை மாதம் இருந்தோம். நீ கட்டோடு படுத்திருந்த ஒரு நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க வாத்தியாராமே. ஒரு உதவி வேணும். வெளிநாட்டுப் புத்தகத்துல ஒரு மாதிரி எழுதியிருக்கு, இங்க நான் பாக்கறது வேற மாதிரி இருக்கு. அங்க தலைவலி வந்து கொஞ்ச நாள்ல கூட்டிட்டு வந்துடறாங்க. இங்க பாதிப் பிள்ளைங்க பார்வை போன பிறகுதான் வருது. எப்ப ஆரம்பிச்சதுன்னு நான் கேட்டா, திட்டுவேன்னு பயந்து நாலு நாளாத்தான் சார்ங்கறாங்க. உங்ககிட்ட உண்மையைச் சொல்வாங்க. எழுதித் தாங்க" என்றார். ஒரு நோட்டு வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். முதலில் என்ன கண்டீர்கள், அதை என்னவென்று நினைத்தீர்கள், எங்கே போனீர்கள், யார் என்ன சொன்னார்கள்.

எழுத எழுத எனக்கே ஆச்சரியம். காலை வாந்தி, பத்து மணிக்குத் தெளிவு, பூச்சி மருந்து, மந்திரிப்பு, கண்ணாடி, பிறகு நடை தடுமாற்றம். ஊர் வேறு, சாதி வேறு, பக்கம் மட்டும் ஒரே பக்கம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மேல்மூளையில் வருவது பிள்ளைகளுக்குப் பின்னால் கீழே வருகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கட்டி என்று திறந்தால் சில பிள்ளைகளுக்கு அது காசநோய்க் கட்டியாக இருந்தது; அது நம் நாட்டுக்கு என்றே வாய்த்தது என்றார். வார்டில் பெண் பிள்ளைகள் குறைவு. அவர்களுக்கு இது குறைவாக வருகிறதா, அல்லது அவர்களை ரயில் ஏற்றுவதுதான் குறைவா என்று கேட்டுவிட்டு, அவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பட்டது இன்னொன்று. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் நோய்க்கு அந்த வீட்டுத் தொழிலே ஒரு காரணம் சொல்லிக் கொடுத்திருந்தது. பஸ் டிரைவர் ஒருவர், டீசல் வாடை தன் சட்டையில் இருப்பதால் பையன் காலையில் வாந்தி எடுக்கிறான் என்று சட்டையை மாட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறார். நாச்சியாபுரத்துப் பக்கம் ஒரு சம்சாரி, வரப்பிலேயே வளர்ந்த பிள்ளை, சமதரையில் காலை அகட்டித்தான் வைக்கும் என்று இருந்திருக்கிறார்.

தொண்டியிலிருந்து ஒரு மீனவர் வந்திருந்தார். ஆறு வயதுப் பெண் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸும் ரயிலும் மாறி வந்தவர். ஆபரேஷன் ஆகி உயிர் பிழைத்தது, ஆனால் பார்வை முன்பே போயிருந்தது, திரும்பவில்லை. நான் நோட்டை விரித்ததும் அவர் என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"புள்ள ஆடி ஆடி நடந்துச்சு சார். கரைக்கு வந்த புதுசுல நாங்களும் அப்படித்தேன் ஆடுவோம். கடல்ல பொறந்த கழுத, தரையில ஆடத்தேன் செய்யும்னு நாந்தேன் சிரிச்சேன். அதுவும் நான் சிரிக்குறேன்னு இன்னும் ஆடிக் காட்டுச்சு. எழுதிட்டீகளா?"

"எழுதுறேன்."

"யாரு சிரிச்சதுன்னு எழுதுனீக?"

"வீட்டில் உள்ளவர்கள்னு போட்டிருக்கேன்."

"அப்படிப் போடாதீக. அப்பன் சிரிச்சான்னு போடுங்க. நாளைக்கு வேற எவனாச்சும் சிரிக்கும்போது ஒரு டாக்டரு எடுத்துச் சொல்லணும்ல?"

எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அப்பா சிரித்தார் என்று எழுதினேன். பிறகு அவர் நோட்டை எட்டிப் பார்த்து, "ஒங்க பக்கம் எது சார்?" என்றார். இன்னும் எழுதவில்லை என்றேன்.

அன்று மத்தியானம் எழுதினேன். உன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில் எழுதினேன். தலைச் சாய்வு முதலில் கவனிக்கப்பட்டது: மார்கழி. அதை என்னவென்று நினைத்தீர்கள்: சிறுவனின் பெரியப்பா, தச்சர், படிப்பறிவு இல்லாதவர், இது குலத்தொழிலின் பார்வை என்று கூறி, மருத்துவரிடம் காட்டத் தடையாக இருந்தார். அவ்வளவுதான் எழுதினேன். புரட்டாசி இல்லை, அறை இல்லை, நான் இல்லை. அண்ணன் எதற்கும் தடையாக இருந்ததே இல்லை. நான் அந்த வரியை எழுதும்போது அவர் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். நீ கண் விழித்தாய். என்னைப் பார்த்தாய். பின்னந்தலையில் அத்தனை தையலோடு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையணையில் தலையை நேராக்கினாய். "டேய், அசையாதடா" என்று அண்ணன் பதறினார். நான் நோட்டை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊருக்கு வந்து நான் அண்ணனோடு ஐந்து வருஷம் பேசவில்லை. அவர் பெருமை பேசிப் பேசித்தான் நோயை மறைத்தார் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரு பொய்யை எழுதிவிட்டால் அதற்குக் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. நீ பட்டறைக்குப் போவதைத் தடுத்தேன், நீ போனாய். பாலிடெக்னிக் முடித்து வேலை இல்லாமல் இருந்த இரண்டு வருஷமும் அங்கேயே கிடந்தாய். அதனால்தான் இன்றைக்கு வார்ப்பட ஆலையில் மர அச்சு செய்யும் பிரிவில் உன்னைத் தேடி எடுத்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கசக்கத்தான் செய்கிறது.

போன வாரத்துக்கு வருகிறேன். அதே டாக்டர், தலை நரைத்துவிட்டது. உன்னைக் குதிகாலும் விரலுமாக ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர், "அப்பா சொல்றாரு, நீ தலையைச் சாய்ச்சு ஒரு கண்ணை மூடிப் பாக்கறியாமே. ஏன்?" என்றார். உனக்கு எரிச்சல். "பலக நேரா இருக்கான்னு பாக்குறதுக்கு சார்" என்றாய். "மூடாம பாத்தா எத்தனை பலகை?" "ஒண்ணுதேன் சார்." அவர் தன் மேஜையிலிருந்த மர ஸ்கேலை உன்னிடம் நீட்டி, "இது நேரா இருக்கா?" என்றார். நீ அதைக் கன்னத்துக்கு நேராகத் தூக்கி, என்னை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்தாய். "நடுவுல அர நூல் வளஞ்சிருக்கு சார்." அவர் சிரித்த சிரிப்பில் வெளியிலிருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வாத்தியாரே, இது நோய் இல்லை, தொழில். ஊருக்குப் போங்க. இந்த ஸ்கேலை வச்சு இருபது வருஷமா கோடு போடறேன், எனக்குத் தெரியலையே!" என்றார்.

நான் முகம் கழுவ வேண்டும் என்று சொல்லி வெளியே போனேன் அல்லவா? குழாயடியில் கால் மணி நேரம் நின்றேன். தண்ணீரைத் திறக்கவே இல்லை. பதிமூன்று வருஷமாக நெஞ்சுக்குள் ஒரு பக்கமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் முழுசாக மூச்சு விட்டேன். வெளியே வெயில், சைக்கிள் ரிக்‌ஷாக்கள், இளநீர்க் கடை. எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தன. நான் சுலபமாகச் சந்தோஷப்படுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

நேற்று உன் ரயில் போன பிறகு, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒரு கதவு நிலைக்குச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். டாக்டரின் நோட்டில் நான் எழுதிய அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பேரைப் போட்டதைச் சொன்னேன். படிப்பறிவு இல்லாதவர் என்று எழுதியதையும் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"படிப்பறிவு இல்லாதவன்னா எழுதுன? அஞ்சாவது பாஸ்டா நானு" என்றார்.

"அண்ணே, நான் அவனை அடிச்சேன். அதை எழுதல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா. கன்னம் வீங்கிப்போயி அழுதுக்கிட்டு இங்குட்டுத்தானே வந்தான். அப்பாகிட்டச் சொல்லாதீகன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

"பிறகு டாக்டர்கிட்ட நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ வெக்கப்பட்டுக்கிட்டு அந்த ஆஸ்பத்திரியில நிக்கமாட்ட. ஓடிருவ. எனக்குத் தெரியாதா ஒன்னைய? புள்ளைக்கு அப்பன் பக்கத்துல வேணும்ல" என்றவர், டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "நானும்தேன் ஊருக்கெல்லாம் காட்டிச் சிரிச்சேன். அதுக்கு யாரு என்னைய அடிக்கிறது? டீயக் குடி" என்றார்.

குடித்தேன். அவர் போடும் டீ எப்போதும் மோசம்.

இந்தக் கடிதத்தில் ஒரு பிரதி எடுத்து டாக்டருக்கும் அனுப்புகிறேன். உன் பக்கத்தைத் திருத்திக்கொள்ளட்டும். புரட்டாசி என்றும், அப்பா அடித்தார் என்றும், அதனால் பிள்ளை நான்கு மாதம் மறைத்தான் என்றும் இருக்கட்டும். அந்த நோட்டை வைத்து இளம் டாக்டர்களுக்குப் பாடம் சொல்வதாகப் போன வாரம் சொன்னாரே, அதில் ஒரு பக்கம் பொய்யாக இருக்கக் கூடாது. வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பூகோள வாத்தியார் இப்போது தலைமை ஆசிரியர்; அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட என்னால் முடியாது.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். காலையில் தலைவலியோடு விழித்தால் யாருக்கும் பயப்படாமல் எழுது. வருஷம் ஒரு முறை கண்ணைக் காட்டிவிடு. நாளை உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தால், பெருமைப்படுவதற்கு முன்னாலும் கோபப்படுவதற்கு முன்னாலும் அதன் எதிரே குனிந்து, "உனக்கு என்ன தெரியுது?" என்று கேள். நான் கேட்காத கேள்வி அது. கட்டுப் பிரித்த அன்று நீ அம்மாவிடம் சொன்னாயாம்: "இனிமே தல நேரா இருந்தாலும் ஒரு அப்பாதேன் தெரியிறாக." அவள் அதை எனக்கு நேற்றுத்தான் சொன்னாள், ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வழியில். நான் அடித்த அன்று உன் எதிரே இரண்டு பேர் கையை ஓங்கிக்கொண்டு நின்றிருக்கிறோம். அதற்குப் பிறகு நான்கு மாதம், நான் சொன்னேன் என்பதற்காக, தலையை நேராக வைத்து அந்த இரண்டு பேரையும் சகித்துக்கொண்டிருக்கிறாய்.

பொங்கலுக்கு லீவு கொடுப்பார்களா என்று கேட்டு எழுது. வந்தால் தாழ்வாரத்தில் என் எதிரே உட்கார். அம்மாவிடம் பேசுவது மாதிரி ஏதாவது பேசு. தலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாயட்டும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா